கரடிக்குச் சொன்னது

செப்டம்பர் 9, செவ்வாய். வான்கூவர்.

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. ஸ்டான்லி பூங்காவில் இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளை வாடகைக்கு எடுத்ததையும், காட்டு வாத்து ஒன்று சீறிக்கொண்டு துரத்தியதையும் எழுதிவிட்டு, "நாங்கள் சிரித்தோம்" என்று முடித்திருக்கிறேன். சிரித்தது நான் மட்டும். லோரன் முன் இருக்கையில் இருந்தான், அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. தோள்கள் குலுங்கவும் இல்லை. அவனும் சிரித்தான் என்று எழுத என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லாததால் இங்கே திருத்திக்கொள்கிறேன்.

பயணத்தில் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது எங்கள் வியாழன் மாலை எழுத்து வகுப்பின் வீட்டுப்பாடம். முதலில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், மனதில் பட்டதைப் பிறகு எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் பாதி எனக்கு வருகிறது. இரண்டாம் பாதிக்கு வரும்போது எழுத ஒன்றும் இருப்பதில்லை. மறைக்கிறேனோ என்று சந்தேகப்பட்டுத் தேடியும் பார்த்தேன். மறைக்கவும் ஒன்றுமில்லை.

இன்று பார்த்தது: மழை. கிரான்வில் சந்தையில் பழக்கடைகள், அடுக்கி வைத்த நண்டுகள். கடற்கரையில் மழைக்கோட்டு போட்ட நாய்கள். விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. லோரன் நனைந்துகொண்டே அவற்றை ரொம்ப நேரம் பார்த்தான்.

"அதெல்லாம் கோதுமைக்கு நிக்குது," என்றான். "நம்மூர்ப் பக்கத்துக் கோதுமையும் இதுல ஏறும்."

"அப்படியா?"

"பின்ன? ரயில்ல வந்து இங்கதான் ஏறணும்."

இன்று அவன் பேசியதில் நீளமான பேச்சு இதுதான். சாஸ்காச்சுவானில் இருக்கும் ஸ்விஃப்ட் கரன்ட்டிலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து எங்கள் ஊர்க் கோதுமையைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பினோம்.

நடந்ததை வரிசையாகச் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை சமையலறையில் நான் லோரனிடம், "நாம பிரிஞ்சிடலாமா?" என்று கேட்டேன். அதற்கு முன் சண்டை எதுவும் நடக்கவில்லை. அடுப்புக்கு மேலே இருக்கும் விளக்குக்கு ஒரு பல்பு வாங்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன், இது வந்தது. அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "ம்," என்றான். தடவி முடித்தான். அப்புறம், "அப்போ ஓ'ஹாரா?" என்று கேட்டான்.

அவன் சொன்ன ஒரே மறுப்பு அதுதான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓ'ஹாரா ஏரிக்குச் சொந்த வண்டியில் போக முடியாது. மலைமேல் இருக்கிறது, தேசியப் பூங்காவின் பஸ்ஸில்தான் போக வேண்டும், அதில் இடம் கிடைப்பது குலுக்கலில். வருஷக்கணக்காக எழுதிப்போட்டும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு மார்ச்சில் விழுந்தது. விழுந்த இடத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. என் சிநேகிதி கிர்ஸ்டன் விவாகரத்து ஆனவள். நான் ஏப்ரல் விஷயத்தைச் சொன்னதும், "ஓ'ஹாராவுக்குச் சீட்டு விழுந்திருந்தா நான் அந்தக் கழுதையோட இன்னும் ஒரு வருஷம் குடும்பம் நடத்தியிருப்பேண்டி," என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நாங்கள் விளையாட்டு இல்லாமல் அதையே செய்கிறோம்.

ஏற்பாடு இதுதான். சுற்றுலாவை முடிக்க வேண்டும், கடைசியில் ஓ'ஹாரா. அங்கிருந்து ஊருக்குப் போகும் வழியில் கால்கரி இருக்கிறது. அங்கே ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. டெல்ஃபினா என்ற அம்மாளின் வீட்டில் கீழ்த்தள அறை ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். நான் அங்கே இறங்கிக்கொள்ளலாம், அல்லது இறங்காமல் லோரனோடு ஊருக்கே போகலாம். இறங்கினால் பிரிவு. எது என்று நாங்கள் பேசவில்லை. லோரன் ஒரு வார்த்தை சொன்னால் இறங்க மாட்டேன் என்று எனக்குள் வைத்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவும் இல்லை. சொல்லிக் கேட்டு வாங்கிய வார்த்தை கணக்கில் வராது என்று நினைத்தேன். இது சரியா என்று தெரியவில்லை.

வரும்போதே அந்த அறையைப் பார்த்தோம். லோரன் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தான். "நல்ல ஜன்னல்," என்றான். டெல்ஃபினா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு கண்ணு. இன்னொரு பொண்ணும் கேட்டுக்கிட்டு இருக்கு," என்றாள். என் பெட்டிகள் பிக்-அப்பின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. இறங்குவது உறுதியாகாமல் எதற்கு இறக்குவது என்று அவற்றையும் வான்கூவர் வரை கூட்டி வந்திருக்கிறோம்.


செப்டம்பர் 10, புதன். ரெவல்ஸ்டோக்.

நாள் முழுதும் வண்டி. ஹோப் என்ற ஊர் வரை மழை பெய்தது. மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் காய்ந்த குன்றுகள். கம்லூப்ஸ் ஊரே புகைக்குள் இருந்தது, எங்கோ காடு எரிகிறதாம். காட்சி மேடை ஒன்றில் நிறுத்தினோம். ஆறு, பாலம், மலை எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டும் பலகை ஒன்று அங்கே இருந்தது. பலகைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. லோரன் பலகையை முழுவதும் படித்தான்.

"ஆறு அங்க இருக்கு," என்று புகையைக் காட்டினான்.

"நம்பறேன்."

அவன் அம்மா வெர்னா கட்டிக் கொடுத்த பன்னும் சாசேஜும் இன்றோடு தீர்ந்தன. பன் காய்ந்துவிட்டிருந்தது, ஆனாலும் சாப்பிட்டோம். சாமன் ஆர்ம் தாண்டும்போது வெர்னாவே கூப்பிட்டார். லோரன் ஓட்டிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

"ஏ ஜானெல், எங்க இருக்கீங்க? மழையா? அவன் தொப்பி போட்டிருக்கானா? பன்னு கெட்டுப்போகலையே?"

"இல்லை அத்தை. நல்லா இருந்துச்சு."

"பொய் சொல்லாத, கல்லு மாதிரி ஆகியிருக்கும். சரி, நாளைக்குத்தானே ஏரி? இங்க சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் ஏரிக்கு முன்னாடி நிக்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும். அவனைத் தனியா எடுத்து அனுப்பாத. அவன் மூஞ்சியை நான் முப்பது வருஷமா பாத்தாச்சு."

வெர்னாவுக்கு ஏப்ரல் விஷயம் தெரியாது. போனை வைத்ததும் அணைத்துப் பைக்குள் போட்டேன். நாளை ஏரி முடியும்வரை அதைத் திறக்கக்கூடாது என்று நினைத்தேன். மறுபடி கூப்பிட்டால் என்ன சொல்வது?

இன்னொன்றையும் எழுத வேண்டும். போன வாரம் வான்கூவருக்குப் போகும்போது ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகில் நேரம் மாறும் இடத்துப் பலகையைப் பார்த்து வண்டியின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருந்தேன். எங்கள் சாஸ்காச்சுவான் மாகாணத்தில் யாரும் கடிகாரத்தில் கை வைப்பதில்லை. மற்ற மாகாணங்கள் கோடைக்கும் குளிருக்கும் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருக்கும், நாங்கள் சும்மா இருப்போம். வண்டிக் கடிகாரத்தை எந்தப் பொத்தானால் மாற்றுவது என்று தெரியாமல் விளக்கப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன்.

"நம்ம ஊர்ல பொறந்துட்டு கடிகாரத்தைத் திருப்பறியே, ஊருக்குள்ள விடுவாங்களா?" என்று லோரன் கேட்டான்.

அன்றைக்கு அவன் நல்ல மனநிலையில் இருந்தான் என்று நினைக்கிறேன்.


செப்டம்பர் 11, வியாழன். ஃபீல்ட் அருகே, முகாம் மைதானம்.

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன். லோரன் விறகு வாங்கப் போயிருக்கிறான். வெளிச்சம் இன்னும் இருக்கிறது.

விடியும் முன்பே ரெவல்ஸ்டோக்கை விட்டுக் கிளம்பினோம். கணவாயில் பனிமூட்டம். பாதை வேலை நடந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போனோம். நான் கொடி பிடித்து நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரப் பலகையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை முன்னால் திருப்ப வேண்டும் என்பது நினைவுக்கே வரவில்லை. பிறந்ததிலிருந்து நேரம் மாறாத ஊரில் இருந்துவிட்டு, ஒரு முறை மாற்றியதே பெரிய காரியம் என்று இருந்திருக்கிறேன். மாற்றியதைத் திருப்பி மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

கோல்டனில் காபிக்கு நிறுத்தினோம். வண்டிக் கடிகாரத்தைப் பார்த்து, "நிறைய நேரம் இருக்கு," என்றேன். பஸ் பத்தரைக்கு. நான் நேரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு காபி குடித்த பிறகு இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டேன்.

"வாங்கு," என்றான் லோரன். "எனக்குக் கொஞ்சம் கிரீம் போட்டு வாங்கிட்டு வா."

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மரக் கொட்டகை, அதன் முன்னால் பூங்கா உடையில் ஒரு பெண். சட்டையில் ஷெல்பி என்று பெயர் இருந்தது. வேறு யாரும் இல்லை. நாங்கள்தான் முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டு பெயரைச் சொன்னேன்.

"வீப்? ரெண்டு பேர்?" அவள் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களை ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்தோமே. பத்தரை வண்டி போயிடுச்சு."

"பத்தரை இன்னும் ஆகலையே."

"அம்மா, பதினொண்ணு ஆகப்போகுது."

நான் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். கடிகாரம் அங்கிருந்து தெரியவில்லை, ஆனாலும் பார்த்தேன். ஷெல்பியின் பார்வை எங்கள் வண்டியின் நம்பர் பலகைக்குப் போனது.

"ஓ," என்றாள். "சாஸ்காச்சுவான்."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதைப் போலச் சொன்னாள். அடுத்த வண்டியில் இடமே இல்லை என்றாள். சாயங்காலம் இறங்கி வர எங்களுக்கு இடம் இருக்கிறது. ஏறிப் போக வேண்டுமானால் நடந்து போகலாம், தடை இல்லை. பதினோரு கிலோமீட்டர், மண் ரோடு, ஏற்றம்.

நான் லோரனைப் பார்த்தேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட எழுதலாம். மார்ச்சில் குலுக்கலில் விழுந்தபோது சமையலறையைச் சுற்றி ஓடி வந்தவன் அவன்.

"சரி," என்றான். "என்ன பண்ணலாம்?"

"நடக்கலாம்," என்றேன்.

அவன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

ஷெல்பி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "பேசிக்கிட்டே போங்க! இந்த வாரம் ரோட்டுல கரடி நடமாட்டம் இருக்கு. மனுஷக் குரல் கேட்டா அதுவா ஒதுங்கிப் போயிடும். திருப்பத்துல இன்னும் சத்தமாப் பேசுங்க."

"என்ன பேசறது?" என்று லோரன் உண்மையாகவே கேட்டான்.

"எதையாவது. புருஷன் பொண்டாட்டிதானே நீங்க? பேசறதுக்கு விஷயமா இல்ல?"

முதல் திருப்பம் வரை யாரும் பேசவில்லை. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், பத்தடிக்கு அப்பால் இருட்டு. திருப்பத்தில் நான் நின்றேன்.

"ஹே கரடி," என்றான் லோரன், சாதாரணக் குரலில்.

"அது உனக்கே கேக்காது."

"ஹே கரடீ! நாங்க ரெண்டு பேர் வர்றோம்!"

"நல்லா இருக்கு. நிறுத்தாத."

"வேற என்ன சொல்றது? அதுக்கு என்னைத் தெரியாது."

"உன்னைப் பத்திச் சொல்லு."

அவன் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தான். பிறகு டிராக்டர் கடையில் தான் விற்கும் உதிரிப் பாகங்களின் பெயர்களைக் கத்த ஆரம்பித்தான். "அறுவடை மெஷின் பெல்ட்டு! பேரிங்! எண்ணெய் ஃபில்டர்! அது சின்ன சைஸு, பெரிய சைஸு இன்னும் வரல!" காட்டில் எதிரொலி வந்தது. நானும் சேர்ந்துகொண்டேன்.

"கரடியாரே! இவர் பேரு லோரன் வீப்! கடையில வாய் ஓயாது! வீட்டுக்கு வந்தா பூட்டு!"

"கரடியாரே! இவங்க டைம்டேபிள் மேடம்! ஆறு மாசத்துக்கு முன்னாடியே பை கட்டுவாங்க! ஒரு பஸ்ஸைப் பிடிக்கத் தெரியாது!"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். இந்த முறை முகத்தைப் பார்த்தேன்.

அப்படியே வெகுதூரம் போனோம். எங்கள் பேச்சு இப்படிக் கரடி வழியாகப் போவதில் ஒரு வசதி இருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னால் போதும். வெர்னாவின் பன்னைப் பற்றி, கிர்ஸ்டனின் பழைய கணவனைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றியெல்லாம் கரடிக்குச் சொன்னோம். வீட்டில் ஒரு குளிர்காலம் முழுதும் பேசியதைவிட அதிகமாக இருக்கலாம். இது மிகையோ என்று யோசித்தேன். இல்லை.

பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டு ஓரமாக ஒதுங்கினோம். அடுத்த பஸ். ஜன்னல்களில் தொப்பிகளும் முகங்களும். யாரோ கையசைத்தார்கள். லோரனும் கையை உயர்த்தினான். தூசி அடங்கும்வரை நின்றோம்.

அந்தத் தூசியில் நான் கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று வைத்திருந்தேன். கரடியிடம் கேட்பதால் அது கேட்டதாக ஆகாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"கரடியாரே! நாளைக்குக் கால்கரி வருது! நான் இறங்கணுமா வேண்டாமான்னு இவர் ஏப்ரல்லேர்ந்து சொல்லவே இல்ல!"

லோரன் பையின் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கரடியாரே," என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. "இவங்க அதைக் கேக்கவே இல்ல. பிரிஞ்சிடலாமான்னுதான் கேட்டாங்க. நான் 'ம்'னு சொன்னேன். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு இவங்க கேக்கல."

"என்ன அர்த்தம்?" என்றேன் அவனிடமே.

"கரடிகிட்ட பேசு."

"என்ன அர்த்தம் லோரன்?"

"நீ சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்."

நடந்தோம். இன்னொரு திருப்பம் வந்தது. யாரும் கத்தவில்லை. அணில் ஒன்று மேலேயிருந்து எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தது. திருப்பம் முடிந்த பிறகு அவன் நின்று தண்ணீர் குடித்தான். பாட்டிலை மூடினான்.

"ஹே கரடி," என்றான், மரங்களைப் பார்த்து. "கோல்டன்லயே எனக்குத் தெரியும்."

எது என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

"என் போன்ல நேரம் தானா மாறிடுச்சு. இவங்க முதல் காபி வாங்கிட்டு வரும்போதே பாத்தேன். அப்பவே கிளம்பியிருந்தா பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"ம்."

"நான் ரெண்டாவது காபி வாங்கப் போனப்போ கிரீம் போட்டு வாங்கிட்டு வான்னு சொன்னியே?"

"கிரீம் வேணும்னுதான் சொன்னேன்."

நான் ரோட்டில் கிடந்த கல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. அது வருகிறதா என்று காத்திருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதைப் போல இருந்தது. விரலுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

"தெரியல." பாட்டிலைத் திறந்து மறுபடி மூடினான். "ஏரியைப் பாத்துட்டா அவ்வளவுதானே ஜானெல். அதுக்கப்புறம் கால்கரி ஒண்ணுதான் இருக்கு. பாக்கலைன்னா ஒண்ணு பாக்கி இருக்கும். அடுத்த வருஷம் வரலாம்னு நெனச்சேன்."

"அடுத்த வருஷம் சீட்டு விழணுமே."

"விழுந்தா வரலாம்."

"விழலைன்னா?"

"அதுக்கு அடுத்த வருஷம்."

அவன் முகத்தைப் பார்த்தேன். சீட்டு விழுவதைப் பற்றி உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தான். நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தைக்கு மிக அருகில் அவன் வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. இவ்வளவு அருகில் அவன் வந்ததில்லை. அதனால் நான் என் பங்கைச் செய்தேன்.

"அப்போ போகாதேன்னு சொல்லு," என்றேன். "என்கிட்ட சொல்ல வேண்டாம். கரடிகிட்ட சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

அவன் மரங்களின் பக்கம் திரும்பினான். மூச்சை இழுத்தான். நான் காத்திருந்தேன். நான் அவசரப்படுத்தவில்லை. இதை உறுதியாக எழுத முடியும்.

"ஹே கரடி," என்றான். அப்புறம், "நாங்க வர்றோம்," என்றான்.

நடக்கத் தொடங்கினான். நானும் நடந்தேன். மீதித் தூரத்துக்கு அவன் பாகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தான், அதே வரிசையில்.

ஏரி எல்லாரும் சொல்வதைப் போலவே இருக்கிறது. பச்சையும் நீலமும் கலந்த நிறம், அடியில் கிடக்கும் கற்கள் தெரிகின்றன. சுற்றிலும் பாறை மலைகள், உச்சியில் பழைய பனி. கரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினோம். எனக்குக் குதிகாலில் கொப்புளம். லோரன் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, பிரித்து, ஒட்டிவிட்டான். சரியாக ஒட்டினான். ஏரியைப் பார்த்து என்ன தோன்றியது என்று எழுத வேண்டிய இடம் இது. கால் வலித்தது. தண்ணீர் அழகாக இருந்தது. இரண்டும் ஒரே அளவில் தெரிந்தன.

கரையில் இருந்த தேநீர்க் குடிலில் கேரட் கேக் வாங்கி ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். அங்கே ரெட் டீரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். எங்களைக் கடந்து போன பஸ்ஸில் வந்தவர்கள். அந்த அம்மாளிடம் போனைக் கொடுத்து எங்களைப் படம் எடுக்கச் சொன்னான் லோரன்.

"இன்னும் கிட்ட வாங்க," என்றாள். "என்ன, சண்டையா?"

"இல்லீங்க," என்றான் லோரன். "நடந்து வந்தோம்."

"ஐயோ, நடந்தா? எங்க வீட்டுக்காரர் வாசல்லேர்ந்து கேட் வரைக்கும் நடக்க மாட்டார்!"

"நடப்பேன். நீ வராம இருந்தா நடப்பேன்," என்றார் அவர்.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எடுத்ததால் முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. அதில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். தெரியாதவர்கள் பார்த்தால் நல்ல ஜோடி என்பார்கள். தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

இறங்கும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் இல்லை. லோரன் முன்னால், நான் பின்னால். ஏறி வந்த ரோடு முழுவதும் ஜன்னலில் திரும்பி வந்தது. அவன் நின்ற இடத்தை அடையாளம் பார்த்தேன். எல்லா மரங்களும் ஒன்றுபோல் இருந்தன.

போகாதே என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை என்று சற்று முன் இங்கே ஒரு வரி எழுதினேன். அது நியாயமில்லை என்று அடித்துவிட்டேன். அவன் கேட்டான். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டுக் கேட்டான். என்னைப் பதினோரு கிலோமீட்டர் ஏற்றத்தில் நடக்க வைத்துக் கேட்டான். இனிமேலும் இப்படித்தான் கேட்பான் என்று எனக்குத் தெரிகிறது. நான் ஒவ்வொரு முறையும் எதைத் தவறவிட்டோம் என்று பார்த்து, அதற்குள் அவன் என்ன சொல்லியிருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். என்னால் அது முடியலாம். இன்று கண்டுபிடித்தேனே. ஆனால் எனக்கு அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. துக்கம் இல்லை. நிம்மதி என்றும் சொல்ல முடியாது.

முகாமுக்கு வந்ததும் என் போனைத் திறந்தேன். ஊருக்கு வெளியே, சாலையோரம் சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடந்து போய் டெல்ஃபினாவைக் கூப்பிட்டேன்.

"என்ன கண்ணு, முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். வர்றேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"சரி. கட்டிலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்றேன். ராத்திரி அங்க குளிர் தெரியாது. சாப்பிட ஏதாவது வெச்சிருக்கவா?"

"வேண்டாம்," என்றேன். பிறகு, "சரி, வைங்க," என்றேன்.

திரும்பி வந்து லோரனிடம் சொன்னேன். அவன் கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"நாளைக்குக் கால்கரில இறங்கிக்கறேன்."

அவன் குத்துக்காலிட்டபடியே முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்," என்றான்.

நான் நகரவில்லை. "இந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"இறங்கிக்கோன்னு அர்த்தம்," என்றான். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான். "பெட்டியெல்லாம் நான் தூக்கறேன். உனக்குக் கால் கொப்புளம். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லுவே?"

"வாயைத் திறந்துதான் சொல்லணும். வேற என்ன பண்றது," என்றான். விறகு வாங்கக் கிளம்பினான்.

அதோ வருகிறான், கையில் விறகுக் கட்டு. இதோடு நிறுத்துகிறேன்.

நாளை: எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், வழியில் பான்ஃப் ஊரில் நிற்க வேண்டாம். மதியத்துக்கு முன் டெல்ஃபினாவிடம் சாவி வாங்க வேண்டும். புத்தகப் பெட்டிதான் கனம், அதை முதலில் இறக்க வேண்டும்.